இருபத்தைந்து அங்குலம்

ஆயுதப்படை வேனின் பின்கதவு
இரண்டடி அகலம்.
பழைய த்ரீ-நாட்-த்ரீயோடு இறங்குகிறவர்
முதலில் துப்பாக்கியை இறக்குவார்,
பிறகு தன்னை.
இரண்டுக்கும் நடுவே
ஒரு கலவரம் நடந்து முடிந்துவிடும்.

ஆகவே குட்டைக்குழல் வேண்டுமென்று
ஆர்.ஐ. தேவநாதன் மேலே எழுதினார்.
சோதித்து அறிக்கை கொடு என்று
என் பெயருக்குக் கீழே கோடு போட்டார்:
அஞ்சலாட்சி, ஆயுதக் கிடங்கு, கடலூர்.

கேப்பர் மலைச் செம்மண் சரிவில்
காலை ஆறரைக்கு மேசை போட்டோம்.
முந்திரித் தோப்புக்காரரிடம்
முந்தின நாளே சொல்லியாகிவிட்டது.
அவர் நாயிடம் யாரும் சொல்லவில்லை.
வேகமானியை நான்கு கெஜத்தில் நிறுத்தினேன்.
நாவுக்கரசு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தான்.

நீளமானது முதலில்.
இருபத்தைந்து அங்குலக் குழல்.
முன்பாரம், இடக்கை கடுக்கும்.
ஆனால் குறியில் நிறுத்தினால்
சுமைதாங்கிக் கல்லில் இறக்கிய கூடைபோல
அசையாது.
நொடிக்கு இரண்டாயிரத்து நானூற்று முப்பது அடி.
அடுத்தது நாற்பத்தொன்று.
மறுபடி முப்பத்தாறு.
சத்தம் முன்னால் போய்
மண்ணில் மோதி
கொஞ்சம் யோசித்துத் திரும்பி வந்தது.

பிறகு குட்டை.
பதினெட்டே முக்கால்.
நினைத்தவுடன் தோளுக்கு வந்துவிட்டது.
வேன் கதவென்ன, கழிப்பறைக் கதவிலும் நுழையும்.
எனக்குப் பிடித்திருந்தது, ஒளிப்பானேன்,
சுடும் வரைக்கும்.

குழல்வாயில் ஒரு செம்பருத்தி
பூத்த நொடியிலேயே கிழிந்தது.
மேசைத் தாள் எழும்பி
நாவுக்கரசின் முகத்தில் ஒட்டியது.
என் தோளில் யாரோ
கதவை அறைந்து சாத்தினார்கள்.
நாய் தோப்பைத் தாண்டி
ஜெயில் மதில்வரை ஓடியதாக
மறுநாள் கேள்விப்பட்டேன்.

இரண்டாயிரத்து இருநூற்று எழுபத்தைந்து.

"நூற்றறுபது அடிதானே போகுது அக்கா,
அங்குலத்துக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு.
கலவரத்துல யாருக்குத் தெரியப்போகுது?"

சுடப்படுகிறவனுக்குத் தெரியாது.
அது சரிதான்.

மருந்து குறையவில்லை நாவுக்கரசு,
அதே தோட்டா, அதே பெட்டி.
எரிந்து முடிக்க இடம்தான் குறைகிறது.
நீளக் குழலில் நெருப்பு
இருட்டுக்குள்ளேயே தன் வேலையைப் பார்த்து
ஈயத்தைக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போகும்.
குட்டையில்
பாதி வேலையோடு வெளியே பிடித்துத் தள்ளப்பட்டு
மீதியைக் கத்தித் தீர்க்கும்.
அடுப்பூதும் குழலை ஒரு சாண் வெட்டிப் பார்,
கை லேசாகத்தான் இருக்கும்.
புருவம் இருக்காது.

வலத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு
இடக்காதுதான் குழல்வாய்க்குக் கிட்டே.
வலக்காது தலை நிழலில் ஒதுங்கிக்கொள்ளும்.
பதினான்கு வருடமாக
என் இடக்காதில் ஒரு சிள்வண்டு
வாடகை தராமல் குடியிருக்கிறது.
அன்று பஞ்சு வைத்திருந்தேன், மேலே மூடியும்.
ஆனாலும் எழுந்துகொண்டது.

ராத்திரி
வீட்டில் இவர் இடப்பக்கம் நின்று
என்னவோ கேட்டார்.
சரி என்றேன்.
சரி என்று சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது,
முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.
திரும்பக் கேட்கவில்லை அவர்.
நானும்
என்ன கேட்டீர்கள் என்று கேட்கவில்லை.
சட்டினிக் கிண்ணத்தை நகர்த்திவைத்தார்.

அறிக்கைப் படிவத்தில்
நீளத்துக்குக் கட்டம் உண்டு, எடைக்கு உண்டு,
வேகத்துக்கு இரண்டு.
சத்தத்துக்கு இல்லை.
கடைசிப் பக்கத்தின் ஓரத்தில்
எழுத்தைப் பொடியாக்கி எழுதினேன்.
அவர்கள் படிக்காமல் போனாலும் போகட்டுமென்று
குண்டூசியால் இன்னொரு தாளையும் குத்தினேன்:

செம்மண்டலம் வெல்டிங் பட்டறை மதிப்பீடு.
வேன் பின்கதவை அறுத்து
ஒன்றேகால் அடி அகலமாக்க,
பெயின்ட் உட்பட,
ரூபாய் நாலாயிரத்து ஐநூறு.